லாரிக்குக் காய்ச்சல் வந்த மாசம்

என் வயதுக்காரர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எது இடது, எது வலது என்று என்னைக் கேட்காதீர்கள். எழுபது தாண்டியும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்புகிற ஆள் நான். சோத்தாங்கை எது, பீச்சாங்கை எது என்று யாராவது கேட்டால், சாப்பிடுவதுபோல் கையை ஒருமுறை வாய்க்குக் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் இன்றும் பதில் சொல்வேன். ஆகையால் லாரியின் ஒரு பக்கத்தை அப்பா பக்கம் என்றும், மறு பக்கத்தை மாமா பக்கம் என்றும் சொல்கிறேன். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்பா உட்காருவது அப்பா பக்கம். அவருக்கு அடுத்தாற்போல் மாமா குந்தியிருப்பது மாமா பக்கம். நமக்கு அது போதும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜெர்மன்காரனோடு நடந்த முதல் சண்டை ஓய்ந்திருந்த சமயம். எங்கள் உடன்குடிக்கு அந்தச் சண்டை சீமையெண்ணெய்த் தட்டுப்பாடாக மட்டும்தான் வந்தது. குண்டும் வரவில்லை, ஜெர்மன்காரனும் வரவில்லை. சண்டை ஓய்ந்த கையோடு லாரி வந்தது. கருப்பட்டி முதலாளி ஒருவர் அதைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் அதை ஓட்டத் தெரிந்தவன் ஊரில் யார் என்ற கேள்வி வந்தது. கொழும்பில் ஆறு வருஷம் மோட்டார் ஓட்டிவிட்டுத் திரும்பியிருந்த என் அப்பாவைத் தவிர வேறு யார்?

அந்த லாரியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பச்சை என்று சொல்லவும் முடியாது, கறுப்பு என்று சொல்லவும் முடியாது. டயருக்குள் காற்றுக் கிடையாது, முழுக்கக் கட்டி ரப்பர். ஆரக்கால் எல்லாம் மரம். அமுக்கினால் எருமைக்கன்று மாதிரிக் கத்துகிற ரப்பர்ப் பந்து ஒன்று அப்பா பக்கம் தொங்கும். ஓலைச் சிப்பங்களில் கட்டின கருப்பட்டி வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து வீசும். அப்பா வீட்டுக்குள் வந்தால் அவருக்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும். இப்போது பெட்ரோல் பங்கைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நாக்கில் இனிப்புத் தட்டுகிறது. என் மருமகளிடம் சொன்னால் டாக்டரிடம் போவோமா என்கிறாள்.

மாமா என்றது அம்மாவின் தம்பியை. மீசை முளைத்த நாளிலிருந்து கருப்பட்டி பாரம் ஏற்றி மாட்டுவண்டி ஓட்டியவர். லாரி வந்ததும் அவர் வண்டிக்குச் சுமை இல்லாமல் போனது. மாடுகளை விற்ற அன்று எங்கள் வீட்டில் வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். அம்மா அவருக்கு மேல் அழுதாள். அப்பா முதலாளியிடம் சொல்லி அவரை லாரியிலேயே கூட ஏற்றிக்கொண்டார். சுமை ஏற்றுவது, இறக்குவது, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கல் வைப்பது, இவைதான் வேலை. மற்றபடி வண்டியில் எதையும் தொடக்கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு.

மாமா தொட்டார். நானும் தொட்டேன்.

வண்டி விற்றபோது மாமா ஒன்றை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். அது மைக்குழல். மூங்கில் கணுவை அறுத்துச் செய்தது. உள்ளே விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மை இருக்கும். துணி சுற்றிய குச்சி ஒன்று செருகியிருக்கும். ஒருநாள் காலை அப்பா முதலாளி கடைக்குப் போயிருந்தார். மாமாவும் நானும் லாரி பக்கத்தில் நின்றிருந்தோம். முந்தின நாளிலிருந்து அப்பா பக்கத்துப் பின்சக்கரம் நிற்கும்போதெல்லாம் கிரீச் கிரீச் என்று கத்திக்கொண்டிருந்தது.

"ஏ பிள்ளே, சக்கரம் அழுதா வண்டிக்காரன் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கப்பிடாது. பாவம் சுத்தும். கையக் குடு" என்றார் மாமா.

"அப்பா வைவாகளே மாமா?"

"அத்தானுக்கு எஞ்சின் தெரியும். சக்கரம் எனக்குல்லா தெரியும்! அந்தா உள்ளுக்குள்ள உருளை தெரியுது பாரு, அங்கன தடவு. என் கை போவாது."

ஆரக்கால்களுக்கு நடுவில் அவர் கை போகாது. என் கை போகும். மை எடுத்து உள்ளே இருந்த இரும்பு உருளையைச் சுற்றி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல், ஆசை ஆசையாகத் தடவினேன். நாலைந்து நாள் தொடர்ந்து இந்த வேலை நடந்தது. சக்கரம் அழுகையை நிறுத்திவிட்டது. மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த லாரியைப் பாரத்தோடு நிறுத்துவது அப்பா கைப்பக்கம் இருந்த ஒரு நெடுங்கம்பி. காலால் மிதிக்கிற பிரேக்கு பேருக்குத்தான். கம்பியை இழுத்தால், பின்சக்கரம் இரண்டிலும் இருக்கும் உருளைகளைக் கட்டைகள் போய்க் கவ்வும். உருளையில் எண்ணெய் இருந்தால் கட்டை கவ்வுமா, வழுக்குமா என்று இன்றைக்கு ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். மாட்டுவண்டியில் வளர்ந்த மாமாவுக்குச் சக்கரம் என்றால் சுற்ற வேண்டியது. அதைப் பிடித்து நிறுத்தவும் அதற்குள்ளேயே ஒன்று இருக்கும் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. எனக்கு எட்டியதா? எனக்கு ஒன்பது வயது.

அந்த வாரமே லாரி ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றும் இல்லை. நிறுத்தக் கம்பியை இழுத்தால் போதும், மாமா பக்கமாக வெடுக்கென்று திரும்பும். திரும்பின முதல் நாளே முதலாளியின் கடை வாசலில் திரும்பி, அடுக்கி வைத்திருந்த பனம்பாய்களைச் சாய்த்துவிட்டுத் தூணுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"என்னவே டிரைவரே, வெள்ளனயே கலயத்தக் கவுத்தாச்சோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் முகம் செத்துப்போனது. அவர் கள் மட்டுமல்ல, புளித்த பதநீரைக்கூடத் தொடாதவர். எங்கள் சபையில் குடித்தவன் என்று தெரிந்தால் கோயிலில் பெயரை வாசித்து, நற்கருணைக்கு விடாமல் நிறுத்திவிடுவார்கள். அதைவிட அவமானம் எங்களுக்கு வேறு கிடையாது.

"அண்ணாச்சி, நான் குடிக்கமாட்டேன்னு உங்களுக்கே தெரியும். வண்டியில ஒரு கோளாறு. பாத்துச் சரி பண்ணிருதேன்" என்றார் அப்பா.

"பாரும். ரெண்டு சந்தை வரைக்கும் பொறுப்பேன். அதுக்கு மேலயும் வண்டி ஆடுச்சுன்னா, ஆடுதது வண்டி இல்ல, நீருதான். எறங்கிப் போயிரும்."

அதற்குப் பிறகு வந்த பத்துப் பன்னிரண்டு நாளும் எங்கள் வீட்டில் ஒரே குழப்பம். சுமைதான் மாமா பக்கம் கூடிவிட்டது என்று சிப்பங்களை மாற்றி அடுக்கினார்கள். இழுத்தது. ரோடு வாய்க்கால் பக்கம் சரிந்து கிடக்கிறது என்றார்கள். சரியாத ரோட்டிலும் இழுத்தது. அம்மா லாரியின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினாள். முதலாளி வீட்டிலிருந்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டார்கள். எங்கள் ஜெபமும் அவர்கள் எலுமிச்சம்பழமும் ஒரே லாரியில் போயின. அப்பவும் இழுத்தது.

கடைசியில் அப்பா கொல்லாசாரியைக் கூட்டிக்கொண்டு லாரியைத் தேரிக்கு ஓட்டிப் போனார். காற்றடித்துக் கெட்டித்துக் கிடந்த செம்மண் தரை. அப்பா வேகமாக வந்து கம்பியை இழுத்தார். லாரி மாமா பக்கம் திரும்பி நின்றது. எல்லோரும் இறங்கித் தரையைப் பார்த்தோம். மாமா பக்கத்துச் சக்கரம் மண்ணை உழுது இழுத்திருந்தது. அப்பா பக்கத்துச் சக்கரம் அச்சுக் குலையாமல் அழகாக உருண்டு போயிருந்தது.

ஆசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "பாத்தியளா? இந்தச் சனியந்தான் மண்ண உழுதிருக்கு. கோளாறு பூரா இதுலதான். அந்தச் சக்கரத்தப் பாருங்க, என்ன சமத்தா ஓடியிருக்கு!"

அப்பா தலையை ஆட்டினார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கொழும்பில் ஆறு வருஷம் ஓட்டிய மனிதர், மண்ணில் எழுதி வைத்ததுபோல் இருந்ததைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். எங்கள் தெருவில் கார் ரிப்பேர் பார்க்கிற பையனிடம் போன வருஷம் இதைக் கேட்டேன். "ஆச்சி, எந்தப் பக்கம் இழுக்கோ அந்தப் பக்கம் பிரேக்கு ஒழுங்கா புடிக்குது. புடிக்காத பக்கத்தல்லா கழத்திப் பாக்கணும்?" என்று ஒரே வாக்கில் முடித்துவிட்டான். வேலை செய்கிற சக்கரத்துக்குச் சனியன் என்று பெயர், சும்மா உருளுகிற சக்கரத்துக்குச் சமத்து என்று பெயர். நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்ந்தது!

அப்பா மாமா பக்கத்துச் சக்கரத்தை மூன்று தடவை கழற்றினார். அதன் கட்டையைத் தளர்த்தினார். இழுப்புக் கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது. இன்னும் தளர்த்தினார். தான் உட்கார்ந்திருக்கிற பக்கத்துச் சக்கரத்தை ஒருநாளும் கழற்றவில்லை. சமத்துப் பிள்ளையை யார் அடிப்பார்கள்?

இந்தக் குழப்பத்தில் என் பங்கும் சேர்ந்தது. ஒரு சாயங்காலம் லாரி வந்து நின்றதும், வழக்கப்படி, ஆனால் பக்கம் மாறி, ஆரக்காலுக்குள் கையை விட்டேன். மாமா பக்கத்து உருளை அடுப்புக்கல்லாகக் கொதித்தது. மூன்று விரல் கொப்புளித்துப் போனது. அலறிக்கொண்டே அடுத்த பக்கம் போய்த் தொட்டேன். அது பானைத் தண்ணீர்போல் குளிர்ந்து கிடந்தது. அழுதுகொண்டே அம்மாவிடம் இரண்டையும் சொன்னேன். பாருங்கள், வைத்தியமே அதுதான்! சூடான சக்கரம் பிடிக்கிறது, குளிர்ந்த சக்கரம் பிடிக்கவில்லை. நான் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சுடுகிறதோ அவன்தான் நோயாளி.

"எலே தம்பி, அந்தச் சக்கரத்துக்குக் காய்ச்சல்லா அடிக்கி!" என்றாள் அம்மா.

மாமா தொடையில் தட்டினார். "அப்படிச் சொல்லுக்கா! உஷ்ணம் கண்டுதான் ஒரு பக்கமா வெட்டுது. சூட்டுக்கு வெளக்கெண்ணய விட்டா வேற என்ன மருந்து இருக்கு?"

தலைச்சூட்டுக்கு உச்சியில் விளக்கெண்ணெய், கண் எரிச்சலுக்கு உள்ளங்காலில் விளக்கெண்ணெய், வயிற்றுச் சூட்டுக்குத் தொப்புளில் விளக்கெண்ணெய் என்று வளர்ந்த ஜனங்கள் நாம். அம்மா உள்ளே போய்ப் புட்டியோடு எடுத்து வந்தாள்.

"அத்தான்கிட்ட சொல்லாண்டாம். கொழும்புல இப்படி உண்டான்னு கேப்பாக" என்றார் மாமா.

அப்பா குளிக்கப் போயிருந்தார். கொப்புளம் இல்லாத கையால் நான் தடவினேன். அரைப்புட்டி தீர்ந்தது.

மறுநாள் அப்பா வெறும் வண்டியைக் களத்தில் மெல்ல ஓட்டிக் கம்பியை இழுத்தார். லாரி நேராக நின்றது. இன்னொரு தடவை ஓட்டினார். இழுப்பு இல்லை, ஆட்டம் இல்லை, கோடு போட்டதுபோல் நின்றது. தான் தளர்த்தித் தளர்த்திக் கடைசியில் சரியாக்கிவிட்டதாக அப்பா நினைத்துக்கொண்டார். மாமாவும் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"ஏட்டி, நாளைக்கு நீயும் வா. திருநெல்வேலியில உனக்கு ரயில் காட்டுதேன்."

முதலாளியும் வந்து பார்த்து, "அப்படி வாரும் வழிக்கு. கலயத்த விட்டதும் வண்டி நேராயிட்டு பாரும்" என்று சிரித்தார். அப்பா அதையும் பொறுத்துக்கொண்டார்.

மறுநாள் பாரம் ஏற்றிக் கிளம்பினோம். எனக்கு அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் இடம். பனங்காடு முடிந்து வாழைத்தோட்டம் வந்தது, பிறகு நெல்வயல். தென்கால் வாய்க்காலுக்கு ஒரு சரிவு இறங்கும், அடியில் மதகுப் பாலம். பாலத்தின் மேல் பத்துப் பெண்கள் நாற்றுக் கட்டைச் சுமந்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா பந்தை அமுக்கினார். கம்பியை இழுத்தார். லாரி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நிற்கவும் இல்லை.

"என்னத்தான்?" என்றார் மாமா.

"புடிக்கலயே... ரெண்டுமே புடிக்கலயே! பிள்ளயப் புடி!"

காலால் மிதித்தார். இன்னும் வேகமாகத்தான் போனது. பெண்கள் திரும்பிப் பார்த்து, நாற்றைப் போட்டுவிட்டுக் கத்தினார்கள். அப்பா ஸ்டீரிங்கை ஒடித்து லாரியை வாய்க்காலுக்குள் விட்டார். எனக்கு அடுத்து நினைவிருப்பது என் வாய்க்குள் சேறும், சேற்றோடு இனிப்பும். சிப்பங்கள் உடைந்து கருப்பட்டி வாய்க்காலில் கரைந்துகொண்டிருந்தது. தண்ணீர் கறுப்பாக ஓடியது. பயம் தெளிந்த ஒருத்தி குனிந்து கையால் அள்ளிக் குடித்துவிட்டு, "ஏட்டி, வாய்க்கால்ல பானகம்லா ஓடுது!" என்று கூவினாள். மற்றவர்களும் இறங்கிக் குடித்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

மாமாவுக்குக் கால் முறிந்துவிட்டது. அவரைக் கரையில் கிடத்திவிட்டு அப்பா லாரியிடம் போனார். அதன் முன்பாதி தண்ணீரிலும் பின்பாதி கரையிலும் இருந்தது. மாமா பக்கத்து உருளையைத் தொட்டார். பிறகு, அந்த மாசத்தில் முதல்முறையாக, தன் பக்கத்து உருளையைத் தொட்டார். இரண்டும் குளிர்ந்து கிடந்திருக்கும். விரலை மூக்கருகே கொண்டுபோனார். விளக்கெண்ணெய் வாடையைக் கண்டுபிடிக்கக் கொழும்புக்குப் போய்வர வேண்டியதில்லை. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் முதலாளி குதிரை வண்டியில் வந்தார். லாரியைப் பார்த்தார், கறுத்து ஓடிய தண்ணீரைப் பார்த்தார்.

"உள்ளதச் சொல்லும்வே. குடிச்சிருந்தீரா?"

அப்பா எழுந்தார். கூடவே ஒட்டி உட்கார்ந்து வந்தவள் நான். அவர் வாயில் காலையில் குடித்த நீராகாரத்தின் வாடை தவிர வேறு ஒன்றும் இல்லை.

"ஆமா அண்ணாச்சி. குடிச்சிருந்தேன்."

மாமா கரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கினார். "அத்தான்..."

"நீ பேசாம கெட மாப்ளே" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பாவின் பெயரை வாசித்தார்கள். ஒரு வருஷம் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் எழுந்து நற்கருணைக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மாமா கால் கூடியதும் நொண்டிக்கொண்டே கப்பலேறிப் போனார்; போனவர் போனவர்தான். அப்பாவுக்கு அதற்குப் பிறகு யாரும் வண்டி கொடுக்கவில்லை. ஏரலில் ஒரு மண்டியில் சாக்குத் தைக்கிற வேலைக்குப் போனார். தெருவில் ஏதாவது லாரி வந்து நின்றால், ஊசியை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார், பிறகு தைப்பார்.

எனக்குப் பத்தொன்பது வயதில், குடிகாரன் மகள் என்று ஒரு சம்பந்தம் தட்டிப்போனது. எனக்குக் கோபம் தாங்கவில்லை. நேரே அவரிடம் போய்க் கேட்டேன்.

"குடிக்காமயே குடிச்சேன்னு எதுக்குப்பா சொன்னிய?"

அப்பா நூலைப் பல்லால் கடித்தார். "குடிகாரன் நாளைக்கே குடிய விட்டுட்டான்னா ஊரு மன்னிச்சிரும் மக்கா. மாட்டுவண்டிக்காரன் பிரேக்குல எண்ணய விட்டிருக்கான், அதப் பத்து நாளா கண்டுபிடிக்கத் தெரியல இவனுக்குன்னா? சாகுத வரைக்கும் வேல தெரியாதவன்தான்."

அது எனக்குப் புரிந்தது. வித்தைக்காரனின் வீம்பு. அந்த வீம்புக்காக எங்கள் எல்லோரையும் சந்தி சிரிக்க வைத்தாரே என்று உள்ளுக்குள் கசந்தேன். வெகுகாலம் கசந்தேன். அவர் செத்தபோதுகூட அந்தக் கசப்பு முழுக்கப் போகவில்லை. மன்னியுங்கள், உள்ளதைச் சொல்கிறேன்.

எனக்கு ஐம்பது வயது நடக்கும்போது அம்மா படுக்கையில் விழுந்தாள். ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்:

"அவுக வீம்புக்குச் சொன்னாகன்னு நீ நெனச்சிருக்க. இல்லட்டி. முதலாளி வாரதுக்கு முன்னயே உன் பாவாடையப் பாத்திருக்காக. முன்னால பூரா எண்ணக் கறை. அந்தச் சக்கரத்துக்குள்ள போற கை யாரு கைன்னு அவுகளுக்குத் தெரியாதா? 'என் பிள்ள ஒம்பது வயசுல, அப்பன் பொழப்ப நாமதான் கெடுத்தோம்னு நெனச்சுக்கிட்டு வளரப்பிடாது. அதுக்கு நான் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்'னு சொன்னாக. உன்கிட்ட சொல்லப்பிடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாக."

"பொறவு இப்ப எதுக்கும்மா சொல்லுத?"

"அவுகள நீ வையிதது எனக்குப் பொறுக்கலட்டி."

எது நிஜம்? அப்பா சொன்னதா, அம்மா சொன்னதா? அவர் காப்பாற்றியது தன்னையா, கால் முறிந்து கிடந்த மாமாவையா, என்னையா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், குழப்பம்தான் மிச்சம். ஒன்று மட்டும் நிச்சயம். ஒன்பது வயதில் எனக்கு வரக்கூடாது என்று அவர் தடுத்து வைத்த நினைப்பு ஐம்பது வயதில் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுபோய் அவர் காலடியில் போட்டு அழலாம் என்றால், அப்பா இல்லை.